சாமி கண்ணைக் குத்தாது: எங்கள் பங்குப் பேரவைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பங்குத் தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

போன ஞாயிறு ஏழரை மணிப் பூசை முடிந்ததும் வாசித்த அறிவிப்பைப் பற்றி எழுதுகிறேன். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை இனிக் கோவிலுக்குள் வைத்திருக்கக் கூடாது, தாய்மார்கள் அவர்களோடு மறைக்கல்வி அறையில் உட்கார்ந்து டிவியில் திருப்பலி காண வேண்டும் என்று சொன்னீர்கள். 'தாய்மார்கள்' என்றுதான் இருந்தது. தகப்பன்மார்களுக்குப் பிள்ளை கிடையாது போலிருக்கிறது. சரி, அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

அதற்கு முந்தின ஞாயிறு நடந்ததுதான் காரணம் என்று எனக்குத் தெரியும். நடத்தியவன் என் மகன்.

எழுந்தேற்ற நேரம். கோவில் மொத்தமும் முழந்தாளில் இருந்தது. சாமியார் அப்பத்தை உயர்த்தினார், பீடச் சிறுவன் மணியை அடித்தான். மூன்று வயதான என் சின்னவன் மடியிலிருந்து எழுந்து நின்று, "இன்னொரு தடவை!" என்று கத்தினான். நான் அவன் வாயைப் பொத்துவதற்குள் கிண்ணம் உயர்ந்தது, மணியும் இன்னொரு தடவை அடித்தது. தான் கேட்டதால்தான் அடித்தார்கள் என்று நினைத்து அவன் கை தட்டினான். முன்னால் யாரோ சிரித்தார்கள். பின்னாலிருந்து ஒரு பெரியவர் "உஸ்ஸ்" என்றார்.

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். புதுநன்மை, அதாவது முதன்முதலாக நற்கருணை அப்பம், வாங்கிய நாள்முதல் இருபத்தைந்து வருடமாக அந்த மணியைக் கேட்டு வருகிறேன். பூசையில் எத்தனை தடவை மணி அடிப்பார்கள் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால் விரல் விட்டு எண்ணித்தான் சொல்லியிருப்பேன். அவனுக்கு அது மணி. எனக்கு, எப்போது எழுந்து நிற்கலாம் என்பதற்கான அடையாளம்.

பிள்ளைகள் பாவம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்ச இதை எழுதவில்லை. அவர்களை வெளியே உட்கார வைத்தால் நஷ்டம் எங்களுக்கு. இந்தப் பங்கில் இப்போது எனக்கு ஞானோபதேசம் நடத்துகிறவர்கள் என் வீட்டு இரண்டு உருப்படிகள்தான். என் ஆசிரியர்களை அனுப்பாதீர்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில், அநேகமாக உங்கள் வீட்டிலும், ஒரு பழைய ஆயுதம் உண்டு. பொய் சொன்னாலும் சோற்றைச் சிந்தினாலும் தம்பியைக் கிள்ளினாலும் அதை எடுப்போம்: "சாமி கண்ணைக் குத்தும்." என் அம்மா சொன்னார், அவருடைய அம்மாவும் சொல்லியிருப்பார். எந்த மதமானாலும் சரி, தமிழ்நாட்டுத் தாய்மார்கள் கைவிடாமல் காப்பாற்றி வரும் வேதசத்தியம் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

மூத்தவளுக்கு அப்போது நான்கரை வயது. தம்பியின் பிஸ்கட்டைத் தின்றுவிட்டு இல்லை என்று சாதித்தாள். நான் வழக்கம்போல ஆயுதத்தை எடுத்தேன். அவள் வாசல்நிலைக்கு மேலே மாட்டியிருக்கும், சிலுவையில் தொங்கும் இயேசுவின் பாடுபட்ட சுரூபத்தை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எப்படிம்மா குத்துவாரு? ரெண்டு கையிலயும் ஆணி அடிச்சிருக்கே" என்றாள்.

வாயாடுகிறாள் என்றால் ஒரு அடி போட்டிருப்பேன். அவள் உண்மையான கவலையோடு கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. சிலுவை கடவுளுடைய அன்பின் அடையாளம் என்று மனப்பாடமாக ஒப்பித்து மறைக்கல்விப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். எவர்சில்வர் தட்டு, இன்னும் சமையலறையில் இருக்கிறது. ஆனாலும் என் மனதுக்குள் குடியிருந்த கடவுள் விரலை நீட்டிக்கொண்டு நின்றவர்தான். சுரூபத்தில் இருப்பவரும் அவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது என்பது முப்பத்து மூன்று வயதுவரை எனக்குத் தோன்றவில்லை. அதற்கப்புறம் அந்த வாக்கியத்தை நான் சொல்வதில்லை. மிரட்டலே இல்லாமல் பிள்ளை வளர்க்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம், பூச்சாண்டி இன்னும் வேலையில் இருக்கிறார்.

அடுத்ததைச் சொல்வது கொஞ்சம் கஷ்டம். போன வருடம் ஆகஸ்டில் என் மாமியார் படுத்துவிட்டார். பிள்ளைகளுக்கு அப்பத்தா என்றால் உயிர். வேளாங்கண்ணித் திருவிழா சமயம், வீட்டில் ஒன்பது நாள் செபமான நவநாள் தொடங்கினோம். 53 மணிச் செபமாலை ஐந்து வயதுப் பிள்ளைக்கு முடியாது. மூத்தவள் பத்து மணி மட்டும் சொல்வாள். ஐந்தாவதிலோ ஆறாவதிலோ எண்ணிக்கை தப்பிவிடும், மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவாள். அப்பத்தா நடந்து வரணும் என்று கேட்டாள், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் டாக்டரின் முகத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து என் செபம் ரொம்ப நாகரிகமாகிவிட்டது. "உமது சித்தப்படி ஆகட்டும்" என்று மட்டும் சொன்னேன். வெளியே பார்த்தால் பக்தி. உள்ளே கணக்கு வேறு: கேட்டுக் கிடைக்காவிட்டால் வலிக்கும், கேட்காமல் இருந்துவிட்டால் வலிக்காது. கெத்சமனித் தோட்டத்தில் ஆண்டவரும் அந்த வார்த்தையைத்தான் சொன்னார். ஆனால் அதற்கு முன்னால், இந்தக் கிண்ணம் என்னை விட்டுப் போகட்டும் என்று வாய்விட்டுக் கேட்டார். அந்த முதல் பாதியை நான் விழுங்கிவிட்டேன்.

எட்டாம் நாள் அத்தை போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் மாலை, அடக்கம் முடிந்து வந்தால், ஹாலில் இருக்கும் திருஇருதயப் படம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. மகள் நாற்காலி போட்டு ஏறியிருக்கிறாள். துக்கத்துக்கு வந்தவர்கள் யார் செய்தது என்று முணுமுணுத்தார்கள். "நான்தான். நான் அவருக்குக் காய் விட்டுட்டேன்" என்றாள். என் கணவர் படத்தைத் திருப்பப் போனார். "இருக்கட்டும்டா" என்று ஒரு குரல். என் மாமனார். நாற்பத்திரண்டு வருடம் சேர்ந்து வாழ்ந்தவளை மண்ணில் வைத்துவிட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

படம் பதினொரு நாள் முதுகைக் காட்டிக்கொண்டு தொங்கியது. முன்னாலிருந்த சிவப்புப் பல்பு பழுப்பு அட்டையின் மேல் எரிந்துகொண்டிருந்தது. படுக்கப் போகும்முன் "குட்நைட் ஏசப்பா" சொல்வது அவள் வழக்கம். முதல் நாள் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அட்டைக்கு முன்னால் நின்று, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, "குட்நைட்" என்றாள். ஏசப்பா கிடையாது, வெறும் குட்நைட். மூன்றாம் நாளும் அப்படியே. தினமும் அப்படியே. கோபம் துளியும் குறையவில்லை. ஆனால் ஆள் அங்கேதான் இருக்கிறார், சொல்வது அவர் காதில் விழுகிறது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இல்லாத ஆளுக்கு யாரும் காய் விடுவதில்லையே.

நான் படத்தைத் திருப்பவில்லை. ஞாயிறு தவறாமல் வந்தேன், காணிக்கை போட்டேன், வரிசையில் நின்று நற்கருணை வாங்கினேன். பேச்சை மட்டும் நிறுத்தியிருந்தேன். எப்போதிருந்து என்று யோசித்துப் பார்த்தால், அத்தைக்கு உடம்பு முடியாமல் போவதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே. வீட்டில் ஒருத்தி ஆண்டவரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இன்னொருத்திக்குச் சண்டை போடுகிற அளவுக்குக்கூட உறவு மிச்சமில்லை. அதை அந்தப் பழுப்பு அட்டைதான் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அப்புறம்தான் பைபிளை எடுத்துத் திருப்பாடல்களில் புலம்பல்களைத் தேடித் தேடிப் படித்தேன். 13-வது பாடல், எவ்வளவு காலம்தான் என்னை மறந்திருப்பீர் என்று தொடங்குகிறது. 88-வது பாடல், ஆறுதலாக ஒரு வரிகூடச் சொல்லாமல் இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. நம் பாடகர் குழு அதைப் பாடி நான் கேட்டதில்லை.

பன்னிரண்டாம் நாள் படம் நேராக இருந்தது. பழம் விட்டாச்சா என்று கேட்டேன். "இன்னும் இல்ல. ஆனா செவத்தையே பாத்துட்டு இருந்தா அவருக்குப் போரடிக்கும்ல" என்றாள்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். புதுக் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, செவ்வந்திப்பூ பரப்பி, எல்லாரும் செய்வதுபோலச் சிலுவைப் பக்கம் மெழுகுதிரிகளை ஏற்றினோம். மகள் இரண்டு திரிகளைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கால்மாட்டில் நட்டாள். ஏண்டி அங்கே என்றேன். "அப்பத்தா எந்திரிச்சு நடக்கும்போது வழி தெரியணும்ல." நடந்து வரணும் என்றுதானே கேட்டிருந்தாள். அவள் கணக்கில் அந்த வேண்டுதல் இன்னும் முடியவில்லை.

'உடலின் உயிர்ப்பை நம்புகிறேன்' என்று ஞாயிறுதோறும் நின்றுகொண்டு சொல்கிறோம். நான் சொல்கிற வேகத்தில் அது ஒரே சொல்லாக ஓடிவிடும். எழுந்தால் கால் எங்கே வைப்பார்கள், அங்கே வெளிச்சம் இருக்கிறதா என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. என் மாமனார் ஒன்றும் பேசாமல் மேல்துண்டை விரித்து அந்த இரண்டு திரிகளுக்கும் காற்று மறைத்துக்கொண்டு நின்றார்.

இதையெல்லாம் படித்துவிட்டு என் மகளைக் குட்டி தெரசா என்று நினைக்க வேண்டாம். கணக்குப் பரீட்சை அன்று டீச்சருக்குக் காய்ச்சல் வரவேண்டும் என்று அந்தோணியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தவள் அவள். சின்னவனோ காணிக்கைத் தட்டில் பத்து ரூபாயைப் போட்டுவிட்டு அடுத்த நொடியே இருபதாக எடுத்துக்கொண்டான். பிள்ளைகளைப் புனிதர்களாக்கிப் பீடத்தில் ஏற்றி வைப்பதும் அவர்களை வெளியே உட்கார வைக்கிற வேலைதான்.

பிள்ளைகள் பேச்சைக் கேட்டுப் பெரியவர்கள் நடப்பதா என்று பேரவையில் ஒருவர் கேட்டதாகச் சொன்னார்கள். அவருக்கு ஒன்றை ஞாபகப்படுத்துகிறேன். நம் பங்கிலிருந்து வருடாவருடம் காவி கட்டிக்கொண்டு வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறோம். ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதாவின் பிறந்தநாள் திருவிழா. அந்தத் திருத்தலம் யாருடைய வார்த்தையின் மேல் நிற்கிறது? பால் கொண்டுபோன ஒரு பையன் குளத்தங்கரை ஆலமரத்தடியில் களைப்பாறினான், கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் குழந்தைக்குப் பால் கேட்டாள் என்பது மரபு. பிறகு நடுத்திட்டு என்ற இடத்தில் மோர் விற்ற ஓர் ஏழைப் பையன், நடக்க முடியாதவன். அவனுக்கும் அந்தப் பெண் கைக்குழந்தையோடு தோன்றினாள். கால் சுகமாகி நாகப்பட்டினத்துக்கு ஓடிப்போய் அங்கிருந்த கத்தோலிக்கப் பெரியவர் ஒருவரிடம் கண்டதைச் சொன்னான். அவர் நம்பினார், கூரைக் கோவில் எழும்பியது. பெரியவருக்கு முந்தின இரவு ஒரு கனவும் வந்திருந்தது என்பார்கள். எனக்கென்னவோ, மூச்சிரைக்க ஓடி வந்த அந்தக் கால்களே அவருக்குப் போதுமான சாட்சியாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது. "போடா, பொடிப்பயல் கதை விடுகிறான்" என்று அவர் கதவைச் சாத்தியிருந்தால் நாம் எங்கே நடந்து போயிருப்போம்?

பைபிளில் வரும் சாமுவேல் கதையும் அப்படித்தான். ஆண்டவரின் இல்லத்தில் படுத்திருந்த பையனுக்குத்தான் குரல் கேட்கிறது. குரு ஏலிக்குக் கண்ணும் மங்கிவிட்டது, குரலும் கேட்கவில்லை. பையன் மூன்று முறை ஓடி வந்து எழுப்புகிறான். முதல் இரண்டு முறை போய்ப் படு என்று அனுப்பிய கிழவருக்கு மூன்றாம் முறை பொறி தட்டுகிறது: கூப்பிடுவது யார் என்று. குரல் கேட்டவனுக்கு அது யாருடையது என்று தெரியவில்லை, தெரிந்தவருக்குக் கேட்கவில்லை. பிள்ளை பெற்ற எங்கள் நிலைமை இதுதான் என்பதால் எனக்கு அந்தக் கிழவர் மேல் தனிப் பிரியம்.

சட்டம் பேசுகிறவர்களுக்காகக் கொஞ்சம் சட்டமும் தேடிப் படித்தேன். ஒரு காலத்தில் பல நாடுகளில் பத்து, பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகளுக்கு நற்கருணை கொடுக்காமல் தள்ளிப்போட்டார்கள். திருத்தந்தை பத்தாம் பயஸ், நம் தாத்தாக்களுக்குப் பத்திநாதர், 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளிவந்த ஆணையில் அதைக் கண்டித்து, ஏறக்குறைய ஏழு வயது போதும் என்று வழி திறந்தார். முழு மறைக்கல்வியும் தெரிய வேண்டியதில்லை, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து பிரித்தறியத் தெரிந்தால் போதும் என்பது அதன் சாரம். நம் பங்கில் இன்றைக்கும் நான்காம் வகுப்பு முடித்தால்தான் புதுநன்மை. கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகளில் ஞானஸ்நானம் பெற்ற கைக்குழந்தைக்கே நற்கருணை கொடுக்கிறார்கள்.

1973 நவம்பர் 1 அன்று திருவழிபாட்டுப் பேராயம், பிள்ளைகளோடு திருப்பலி நிறைவேற்றுவதற்கு ஒரு நெறிமுறை ஏடு வெளியிட்டது. அதன் 16-வது பத்தியை நீங்கள் எனக்கு எதிராகக் காட்டலாம், நானே சொல்லிவிடுகிறேன்: திருப்பலியில் பங்கெடுக்க முடியாத சிசுக்களைத் தனியிடத்தில் பார்த்துக்கொண்டு கடைசியில் ஆசீருக்குக் கொண்டுவரலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் பார்த்துக்கொள்வதற்கு அது சொல்வது பங்கைச் சேர்ந்த உதவியாளர்களை. தாயையும் சேர்த்து வெளியே அனுப்பச் சொல்லவில்லை. அதே பத்தியில் இன்னொன்றும் உண்டு: பெரியவர்களின் சாட்சி பிள்ளைகளைப் பாதிக்கும், பிள்ளைகள் வகிக்கும் பங்கைக் கண்டு பெரியவர்களும் ஆன்மிகப் பயன் பெறலாம். நான் இத்தனை பக்கம் எழுதிச் சொன்னதை உரோமை ஒரு வரியில் சொல்லி முடித்துவிட்டது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2014 ஜனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது, இங்கே இருப்பதிலேயே அழகான பாடகர் குழு இந்தக் குழந்தைகள்தான் என்றார். பசித்து அழுதால் இங்கேயே பால் கொடுங்கள் என்று தாய்மார்களிடம் சொன்னார். மைக்கேலாஞ்சலோ வரைந்த கூரைக்குக் கீழே நடக்கலாம் என்றால், நம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே நடக்கக் கூடாதா?

"உஸ்ஸ்" சொன்ன பெரியவரையும் நினைத்துப் பார்க்கிறேன். காதுக் கருவி வைத்திருப்பவர். என் மகனின் கத்தல் அதில் இடிபோல விழுந்திருக்கும். அன்றே போய் மன்னிப்புக் கேட்டேன். அவருக்கு வாரத்தில் கிடைக்கும் அமைதியான ஒரு மணி நேரம் அதுவாக இருக்கலாம், அதைப் பறிக்கும் உரிமை எனக்கில்லை. பெற்றோர்களான நாங்களும் யோக்கியம் இல்லை. வாசகம் நடக்கும்போது சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிறோம். பிரசங்க நேரத்தில் கையில் போனைக் கொடுத்துவிடுகிறோம், அது திடீரென்று குத்துப்பாட்டுப் பாடுகிறது. பீடத்தின் படியில் ஏறி ஓடும் பிள்ளையைக் கூப்பிடாமல் ரசிக்கிறோம். இதையெல்லாம் கண்டியுங்கள், கேட்டுக்கொள்கிறோம். (தேர்பவனியில் நாம் வெடிக்கும் வெடியைப் பற்றி இங்கே நான் ஒன்றும் சொல்லவில்லை.)

டிவி அறை மட்டும் வேண்டாம். டிவியில் சாமியாரைப் பார்த்தால் என் மகன் ரிமோட்டைத் தேடுவான். மாற்று என்ன என்பீர்கள். காலை ஐந்தரைப் பூசை அமைதியாகவே இருக்கட்டும், அதற்கு நாங்கள் பிள்ளைகளைக் கொண்டுவர மாட்டோம். ஏழரைக்கு அவர்களை முன்னால், பீடத்துக்கு எதிரே பாய் விரித்து உட்கார விடுங்கள். பின்வரிசையில் நிறுத்தினால் அவர்களுக்குத் தெரிவது புடவைத் தலைப்பும் பேன்ட் பாக்கெட்டும்தான், சேட்டை அங்கேதான் தொடங்குகிறது. அழுகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவில் ஒரு நடை நடந்துவிட்டு வர யாரும் முறைக்காமல் வழி விட்டால் போதும். அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் அன்பியக் கூட்டங்களில் இதைப் பேசிப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ள நான் தயார், என் கணவரும் தயார். அவரைக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பேரவையின் பதில் வரும்வரை வழக்கம்போலவே வருவேன். வரும் ஞாயிறு ஏழரைப் பூசை, முன்னால் இடது பக்கம், சூசையப்பர் சுரூபத்துக்குக் கீழே, இருவரோடும். சின்னவன் பையில் பிஸ்கட் பாக்கெட் இருக்காது என்று உறுதி சொல்கிறேன். மணி அடிக்கும்போது அவன் என்ன சொல்வான் என்பதற்கு என்னால் உறுதி சொல்ல முடியாது.

இப்படிக்கு,
உங்கள் பங்கைச் சேர்ந்த ஒரு தாய்